யதேச்சையும் ஆறாவது பெயரும்

போன மாதம் நண்பர்கள் கூடியிருந்தபோது பேச்சு கவிதையில் தற்செயலுக்கு உள்ள இடம் பற்றித் திரும்பியது. ஒருவர் மல்லார்மேயின் பகடையிலிருந்து ஆரம்பித்தார். 1897-ல் வந்த அந்தக் கவிதையிலிருந்து நகர்ந்து, பத்திரிகைச் சொற்களைக் கத்தரித்துப் பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து எழுதினால் கவிதை என்று 1920-ல் த்ரிஸ்தான் ஜாரா கொடுத்த செய்முறைக்கு வந்தார். இன்னொருவர், ஜான் கேஜ் 1951-ல் நாணயங்களைச் சுண்டிப்போட்டு ஸ்வரங்களை நிர்ணயித்ததைச் சொன்னார். இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், தற்செயல் என்றால் விடுதலை என்பதில் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். கவிஞனின் தன்முனைப்பிலிருந்து சொல் விடுபடுகிறது, பிரக்ஞையின் காவல் சற்று நேரம் இல்லாமல் போகிறது என்பதாக. நான் ஒன்றும் பேசவில்லை. வழக்கமாகக் குறுக்கே பேசுகிறவன் என்பதால் என் மௌனத்தை ஒருவர் கவனித்துக் காரணம் கேட்டார். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. காரணம் இலக்கியக் காரணம் இல்லை என்பது ஒன்று; சொன்னால் என்னைப் பற்றி ஒரு விஷயம் வெளிவந்துவிடும் என்பது இன்னொன்று. எழுதும்போது எதிரே யாரும் இல்லாத தைரியத்தில் இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்த எனக்கும் கம்ப்யூட்டருக்கும் பரிச்சயம் ஏற்பட்டது மாலை நேர வகுப்பு ஒன்றில். டிகிரி மட்டும் இருந்தால் வேலை கிடைக்காது என்று அப்பா பணம் கட்டிச் சேர்த்துவிட்டார். டர்போ ஸி என்ற நீலத் திரையில் ஸி மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததற்கும் அந்த வகுப்புக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. ஆனால் மொழி மட்டும் ஒட்டிக்கொண்டது. ஸியில் ஒரு வறட்சி உண்டு. தேவையில்லாத சொல் இல்லை, உபசாரம் இல்லை, நீங்கள் சொன்னதைத் தவிர வேறொன்றையும் செய்வதில்லை. சில நல்ல உரைநடைக்காரர்களிடம் எனக்குப் பிடித்த குணம் இது. இரவில் சாப்பிட்ட பிறகு, படிக்கவும் முடியாமல் எழுதவும் முடியாமல் இருக்கும் நேரங்களில், சின்னச் சின்ன நிரல்கள் எழுதிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அந்த மொழியில் ராண்ட் என்று ஒரு சொல் இருக்கிறது. கூப்பிட்டால் ஓர் எண்ணைத் தரும். மறுபடி கூப்பிட்டால் முன்னதற்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் வேறோர் எண்ணைத் தரும். எண் எங்கிருந்து வருகிறது என்று முதலில் நான் கேட்டுக்கொள்ளவில்லை. மந்திரத்தில் நம்பிக்கையில்லாதவன் என்று சொல்லிக்கொள்கிறவன், எந்திரத்துக்குள் எங்கோ ஒரு பகடை உருள்கிறது என்று அரைகுறையாக நம்பிக்கொண்டிருந்தேன்.

உள்ளே பகடை எதுவும் இல்லை. ஒரு பெருக்கல் மட்டுமே இருக்கிறது. 1989-ல் ஸி மொழிக்கு அமெரிக்காவில் தரம் வகுத்தபோது, ராண்டை எப்படி எழுதலாம் என்பதற்கு ஒரு மாதிரியும் அதில் சேர்த்தார்கள். கையில் இருக்கும் எண்ணை 1103515245-ஆல் பெருக்கு, 12345-ஐக் கூட்டு, நினைவில் அடங்காமல் வழிவதை விட்டுவிடு, மிச்சத்தில் மேல்பக்கத்து இலக்கங்களிலிருந்து 0 முதல் 32767 வரையிலான ஓர் எண்ணை எடுத்துக்கொடு. அடுத்த தடவைக்கு, மிச்சமிருந்த முழு எண்ணையே மறுபடி பெருக்கு. அவ்வளவுதான். இந்த வகைச் சூத்திரத்தை 1949-ல் லெமர் என்ற கணித அறிஞர் முன்வைத்தார். ஆரம்ப எண்ணுக்கு விதை என்று பெயர். விதை தெரிந்தால் கடைசி எண் வரை தெரியும். நம் ஜோசியர்கள் ஜனன நேரத்தைக் கேட்பதும் இதற்காகத்தான்.

லெமருக்குச் சற்று முன்னால் வான் நாய்மன் வேறொரு வழி வைத்திருந்தார். லாஸ் அலமாஸில் நியூட்ரான்கள் எப்படிச் சிதறும் என்பதைக் கணக்கிட உலாமும் அவரும் யதேச்சை எண்களை நாடியபோது அது உபயோகப்பட்டது. நான்கு இலக்க எண்ணை அதனாலேயே பெருக்கி, வரும் எட்டு இலக்கத்தில் நடு நான்கை எடு. அதை மறுபடி பெருக்கு. நன்றாகத்தான் ஓடும், ஒரு கட்டம் வரை. 6100-ஐ எடுத்துக்கொண்டால் 2100 வரும், பிறகு 4100, பிறகு 8100, பிறகு மறுபடி 6100. செக்குமாடு மாதிரி இந்த நான்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். 3792 இன்னும் மோசம். அதை அதனாலேயே பெருக்கினால் 14379264. நடு நான்கு இலக்கம் 3792. தன்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறது. இதெல்லாம் வான் நாய்மனுக்குத் தெரியாமல் இல்லை. எண்கணிதத்தால் யதேச்சையை உண்டாக்க நினைப்பவன் பாவத்தில் நிற்கிறான் என்ற பொருள்பட 1951-ல் அவரே எழுதினார். வேடிக்கையாகச் சொன்னது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இப்போது அது வேடிக்கையாகப் படவில்லை.

எங்கள் கிளையில் ஒன்பது குமாஸ்தாக்கள். வாசலையொட்டி ஓர் ஏ.டி.எம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் பணம் தீர்ந்துவிட்டால், அதிகாரி ஒருவரும் குமாஸ்தா ஒருவரும் வந்து நிரப்ப வேண்டும். மாதத்துக்கு ஒருவர் என்று முறை. யார் எந்த மாதம் என்பதில் ஓயாத மனஸ்தாபம். சென்ற வருஷம் மே மாதக் கடைசியில் இது வாய்ச்சண்டையாகவே முற்றியபோது, நான் மிகுந்த பெருந்தன்மையுடன் குறுக்கிட்டு, மாதாமாதம் முதல் தேதி என் மடிக்கணினியில் ஒரு நிரலை ஓட்டிப் பெயர் எடுத்துத் தருகிறேன், மனிதர் தலையீடு இருக்காது என்றேன். கம்ப்யூட்டர் என்றதும் எல்லோரும் சம்மதித்தார்கள். இன்னொரு நிபந்தனையும் நானே போட்டேன். பெயர் வந்தபின் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. மாற்றிக்கொண்டால் தற்செயலின் தூய்மை கெட்டுவிடும். தூய்மை என்ற அந்தச் சொல்லை நான் உபயோகித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நிரல் பத்து வரி. ஒன்பது பெயர்களையும் வாசலிலிருந்து கவுன்டர் வரிசைப்படி எழுதிக்கொண்டேன். ராண்ட் தரும் எண்ணை ஒன்பதால் வகுத்து மீதியைப் பார்ப்பது. மீதி பூஜ்யம் என்றால் முதல் பெயர், எட்டு என்றால் கடைசிப் பெயர். வீட்டில் சோதித்தும் பார்த்தேன். ஒரே ஓட்டத்தில் நூறு பெயர்களை எடுக்கச் சொன்னேன். எல்லோரும் கிட்டத்தட்டச் சமமாக வந்தார்கள். திருப்தியாகத் தூங்கினேன்.

ஜூன் மாதம் கேஷ் கவுன்டர்க்காரரின் பெயர் வந்தது. கவுன்டர் வரிசையில் ஆறாவது. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தவர். ஜூலையிலும் அவர் பெயர்தான். ஆகஸ்டிலும். மற்ற எட்டு பேருக்கும் சந்தேகம் வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெயர் தங்களுடையதாக இல்லாதவரை யாரும் ஒரு குலுக்கலை ஆராய்வதில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜூலையில் ஒரு ஞாயிறு அவருடைய பேத்திக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. காலையில் இங்கே வேலையை முடித்துவிட்டுப் பஸ் பிடித்துப் போனார். போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். திங்கட்கிழமை இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மாற்றிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை அவருக்கு நினைவிருந்தது. எனக்கும்தான்.

செப்டம்பர் முதல் தேதி நான்காவது முறையாக அவர் பெயர் திரையில் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது பேரில் முதல் மாதம் வந்தவரே அடுத்த மூன்று மாதங்களும் வர 729-ல் ஒரு வாய்ப்பு. சாத்தியமில்லாதது இல்லை. ஆனால் அன்று இரவு நிரலைத் திறந்து பார்த்தபோது சாத்தியக் கணக்கு தேவைப்படவில்லை. நான் விதை போடவே இல்லை. ஸியில் விதை போட எஸ்ராண்ட் என்று தனியாக ஒரு சொல் உண்டு. போடாவிட்டால் விதை 1 என்று மொழி எடுத்துக்கொள்ளும். இது தரத்திலேயே எழுதியிருக்கிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் நூலகத்தில் விதை 1 என்றால் முதல் எண் எப்போதும் 41. உலகத்தில் எங்கே, எந்த வருஷம் ஓட்டினாலும் 41. அதை ஒன்பதால் வகுத்தால் மீதி 5. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் ஆறாவது பெயர். வீட்டில் ஒரே ஓட்டத்தில் நூறு எண்களை எடுத்தபோது 41-க்குப் பிறகு 18467, 6334 என்று வேறுவேறாக வந்ததால் எனக்குத் தெரியவில்லை. நிரலை நிறுத்தி இரண்டாம் தடவை ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை டீக்கடையில் அவரிடம் சொன்னேன். பெருக்கல், விதை எல்லாம் விளக்க ஆரம்பித்து, பாதியில் அது அசிங்கமாகப் பட்டதால், "தப்பு என்னுது சார்" என்று நிறுத்திக்கொண்டேன்.

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழரைச் சனின்னு நெனச்சேன் தம்பி. நீங்கதானா அது?" என்றார். பிறகு, "சனிக்கிழமை சனிக்கிழமை எள் தீபம் வேற போட்டுட்டு வர்றேன்" என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவருடைய வாசிப்பில் ஒரு நியாயம் இருந்தது என்பதுதான் இதில் என்னை மிகவும் படுத்தியது. நாங்கள் எட்டு பேரும் அதைத் தற்செயல் என்று நினைத்தோம். அவர் ஒருவர்தான் அதை விதி என்று எடுத்துக்கொண்டார். எழுதிவைத்த ஒன்று மாறாமல் மறுபடி மறுபடி வருகிறது என்ற அர்த்தத்தில் அவர் சொன்னதே சரி. எழுதியவன் யார் என்பதில்தான் அவருக்குத் தவறிவிட்டது.

திருத்தம் சுலபம் என்று நினைத்தேன். எல்லாப் பாடப் புத்தகங்களிலும் இருப்பதுபோல், ஓட்டும் நேரத்தை விதையாகப் போட்டேன். 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் விநாடிக் கணக்கு அது. விநாடிக்கு விநாடி மாறும். அவர் பெயரை அவ்வருஷம் முழுக்க எடுத்துவிட்டு, எட்டு பேராகக் குறைக்க நான் யோசனை சொன்னபோது அவரே வேண்டாமென்றார். ஒன்பது பேராகவே செப்டம்பருக்கு மறுபடி ஓட்டியதில் கடைசிக் கவுன்டர்க்காரர் வந்தார். எல்லோருக்கும் ஒருவித நிம்மதி.

அக்டோபர் முதல் தேதியன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேஜையருகே யாரும் இல்லாதபோது ஓட்டினேன். என் பெயர் வந்தது.

அந்த மாதம் இரண்டாவது ஞாயிறு நாம் கூடுவதாக ஏற்பாடு. ஒரு நண்பரின் நீள்கவிதை குறித்து நான் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. இவ்வளவையும் நினைப்பதற்கு முன்பே விரல் மறுபடி அழுத்திவிட்டிருந்தது. இரண்டாவதாக மூன்றாம் கவுன்டர் அம்மாளின் பெயர் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் அதைச் சொன்னேன். அந்த அம்மாள் சரி என்று தலையாட்டினார். அந்த ஞாயிறு நான் கட்டுரை வாசித்தேன். கட்டுரையைச் சிலர் பாராட்டியதாகவும் ஞாபகம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு பல இரவுகள் யதேச்சை எண்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குற்றவுணர்வை ஆராய்ச்சியாக மாற்றிக்கொள்வது நம் மாதிரியானவர்களின் சுபாவம். முதலில் தெரிந்தது என் திருத்தத்தின் லட்சணம். அந்த நூலகத்தில் விதையைப் பெருக்கும் எண் 214013. பிறகு 2531011-ஐக் கூட்டி 65536-ஆல் வகுத்து எடுக்கிறார்கள். ஆகவே விதை ஒன்று கூடினால் முதல் எண் மூன்றோ நான்கோதான் கூடுகிறது. விதை 1-க்கு 41, 2-க்கு 45, 3-க்கு 48, 4-க்கு 51, 5-க்கு 54. ஏணிப்படி மாதிரி ஏறுகிறது. நேரத்தை விதையாகப் போட்டால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் எந்த விநாடியில் அழுத்தினால் யார் பெயர் வரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். சுழலும் பகடை என்று நான் எல்லோருக்கும் காட்டியது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு சுவர்க் கடிகாரம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 0 முதல் 32767 வரை 32,768 எண்கள். ஒன்பதால் வகுத்தால் ஆளுக்கு 3640 போக எட்டு மிஞ்சும். முதல் எட்டு பேருக்கு ஒவ்வொரு சீட்டு அதிகம், ஒன்பதாமவருக்கு இல்லை. எங்களைப் பொறுத்தவரை அற்ப வித்தியாசம்தான். ஆனால் 10,000 பேரில் ஒருவரை இதேபோல் எடுத்தால், முதல் 2,768 பேருக்கு நான்கு சீட்டு, மற்றவர்களுக்கு மூன்று. 40,000 பேர் என்றால் பின்வரிசையில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் ஒருபோதும் வரமாட்டார்கள். அவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கும். குலுக்கலில் தாங்களும் இருப்பதாகவே அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மிஞ்சுகிற எண்கள் வந்தால் தள்ளிவிட்டு மறுபடி கேட்பதுதான் இதற்குச் சரியான முறை.

பெருக்கல் சூத்திரத்தின் நோய்கள் பழையவை. ஐ.பி.எம். 360 கணினிகளின் நிரல் தொகுப்பில் ராண்டு என்று ஒன்று இருந்தது, 65539-ஆல் பெருக்குவது. அதிலிருந்து மும்மூன்று எண்களாக எடுத்து வெளியில் புள்ளிகளாக வைத்தால், எல்லாப் புள்ளிகளும் வெறும் 15 தளங்களில் அடுக்கடுக்காக உட்கார்ந்துவிடுகின்றன. இந்த வகைச் சூத்திரங்கள் எல்லாவற்றுக்கும் இப்படியொரு தள அமைப்பு உண்டு என்பதை 1968-ல் மார்சாக்லியா காட்டினார். எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு கவிஞனின் கவிதைகளைத் தனித்தனியாகப் படித்துவிட்டு, தொகுப்பாகப் படிக்கும்போது ஏற்படும் சோர்வு எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த நோய்களுக்கு மருந்தும் உண்டு. ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் 1997-ல் உருவாக்கிய மெர்ஸென் ட்விஸ்டர், 2-இன் 19937-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான தூரம் சென்ற பிறகுதான் ஆரம்பத்துக்குத் திரும்பும். 6,002 இலக்கங்கள் உள்ள எண் அது. இருந்தாலும் அது வெளியிடும் 624 எண்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தவன் மீதியைச் சொல்லிவிடலாம். நேரத்தை விதையாகப் போட்டால் அதுவும் கடிகாரத்தின் கைதிதான். சுற்றின் நீளம் எவ்வளவானாலும், எத்தனை வேறுவேறு விதைகள் உண்டோ அத்தனை வேறுவேறு ஆரம்பங்கள்தான் அதற்கு உண்டு.

இதை நம் நண்பர்களுக்குப் பிடித்த உதாரணத்தில் போட்டுப் பார்த்தேன். ரேமோன் கெனோ 1961-ல் பத்து ஸானெட்டுகளை வரிவரியாகக் கத்தரித்த ஒரு புத்தகம் போட்டார். எந்த முதல் வரியோடும் எந்த இரண்டாம் வரியையும் சேர்க்கலாம். பதினான்கு வரிகளுக்கும் அப்படியே. ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் எவ்வளவோ அவ்வளவு ஸானெட்டுகள். நான் கற்ற டர்போ ஸியில் விதை போட்டு இவற்றில் ஒன்றை எடுக்கும் நிரலை எழுதினால், அங்கே விதைகள் 65,536-தான். ஆகவே அதிகம் போனால் 65,536 ஸானெட்டுகள். இன்றைய கணினியில் 429 கோடிச் சொச்சம் விதைகள். அப்போதும் சுமார் 23,000 ஸானெட்டுகளுக்கு ஒன்றுதான் வெளியே வரும். மீதி அச்சில் இருந்தும் இல்லாதவை. பை பெரிது, கை சிறிது. தற்செயலால் எழுதுகிறேன் என்கிற கவிஞனிடம் எனக்குக் கேட்கத் தோன்றுவது இதுதான்: விதையை எங்கிருந்து எடுத்தீர்கள்?

இது விளையாட்டு விஷயம் இல்லை என்பதற்கு வெளியுலகத்தில் சாட்சிகள் உண்டு. 1995-ல் நெட்ஸ்கேப் உலாவி ரகசியச் சாவிகளுக்கான விதையை நேரத்திலிருந்தும் இரண்டு நிரல் எண்களிலிருந்தும் எடுக்கிறது என்பதை கோல்ட்பர்க், வாக்னர் என்ற இரண்டு பெர்க்லி மாணவர்கள் கண்டுபிடித்து, சாவியை ஊகித்துக் காட்டினார்கள். 2006-ல் டெபியன் என்ற இயங்குதளத்தில், ஒரு சோதனைக் கருவி குறை சொல்கிறது என்பதற்காக, ஓபன் எஸ்.எஸ்.எல். நூலகத்தின் ஸி நிரலிலிருந்து வரிகளை நீக்கினார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். விதைக்குள் வர வேண்டியவை வராமல் போய், நிரல் எண் ஒன்றே மிஞ்சியது. 2008 மே மாதம் தெரியவந்தபோது, எண்ணற்றவை என்று நம்பப்பட்ட சாவிகள் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32,768-தான் என்று ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தது. யதேச்சை கெட்டுப்போனால் எதுவும் நின்றுபோவதில்லை. அதுதான் அதிலுள்ள ஆபத்து.

சரியான வழி இப்போது எல்லோருக்கும் கைக்கெட்டுவதுதான். விதையை நாம் போடாமல் இயங்குதளத்தைக் கேட்பது. விசையழுத்தங்களுக்கு நடுவே விழும் இடைவெளி, வட்டின் தாமதம் என்று யாரும் முன்கூட்டி அறிய முடியாத அற்ப விஷயங்களை அது சேர்த்து வைத்துக் கலக்கிக் கொடுக்கிறது. லினக்ஸில் 1994-லிருந்து இப்படியொரு ஏற்பாடு உண்டு. ஓபன் பி.எஸ்.டி.யில் 1997-லிருந்து ஆர்க்ஃபோர் ராண்டம் என்ற சொல் உண்டு. ஒன்பதில் ஒன்று கேட்டால் மிஞ்சிய சீட்டுகளைத் தானே தள்ளிவிட்டுச் சமமாகத் தரும் துணைச்சொல்லும் அதற்குப் பிறகு வந்தது. விண்டோஸிலும் ராண்ட்-எஸ் இருக்கிறது. அதை உபயோகித்து என் பத்து வரிகளை மறுபடி எழுதினேன். ஒழுங்கான நிரல். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அதிலும் விரல் இரண்டாம் முறை அழுத்தலாம். நல்ல எண்ணை நிராகரித்துவிட்டு இன்னொரு நல்ல எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் மாசற்ற யதேச்சை. நடுவில் நான் இருக்கிறேன்.

இங்கேதான் என் இன்னொரு தொழிலும் ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் இளைஞர் ஒருவருடைய முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். "யதேச்சையாகப் பிரித்த பக்கத்தில்" என்று தொடங்கி ஒரு கவிதையை எடுத்துக்காட்டி, மொத்தத் தொகுப்புக்கும் அதையே அளவுகோலாக வைத்துச் சற்றுக் கடுமையாக எழுதினேன். உண்மையில் முதலில் பிரிந்த பக்கத்தில் இருந்தது நல்ல கவிதை. இரண்டாவதும் மோசமில்லை. நான்காவதோ ஐந்தாவதோதான் எனக்குத் தேவைப்பட்ட பக்கம். பொய் சொல்கிறோம் என்று அப்போது தோன்றவில்லை. அது ஒரு நடை, விமர்சனத்தில் எல்லோரும் கையாளும் ஒரு தோரணை என்றுதான் எண்ணியிருப்பேன். அவர் அதற்குப் பிறகு நமக்கு ஒன்றும் அனுப்பவில்லை. ஏழரைச் சனி என்று அவரும் எதையாவது நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

நவம்பர் முதல் தேதி மடிக்கணினியை எடுத்துப்போகவில்லை. சீட்டே எழுதிப்போடலாம் என்றேன். காரணம் கேட்டார்கள், உத்திரமேரூர் என்று சொன்னேன். சிரித்தார்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளை நாம் பள்ளியில் குடவோலை என்ற ஒரே சொல்லாகப் படித்துக் கடந்துவிட்டோம். ஒரு நிரல்போல் அவற்றை இப்போது படித்துப் பார்த்தேன். எல்லோரும் கூடியிருக்க வேண்டும். குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்யஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்ததை மற்றவர்களும் வாசிக்க வேண்டும். விரித்த ஐந்து விரல்களை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். என் மாதிரி ஒருவனைப் பார்த்த பிறகுதான் அதை எழுதியிருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குள் பொறுப்பு வகித்தவர் பெயர் குடத்துக்குள் போகாது என்றும் இருக்கிறது. அந்த ஒரு வரி என் நிரலில் இருந்திருந்தால் கேஷ் கவுன்டர்க்காரர் காதுகுத்துக்குப் போயிருப்பார்.

அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் வேதப் பயிற்சியும் உடையவர்கள் பெயரைத்தான் குடத்தில் போடச் சொல்கிறது. குலுக்குவதில் இவ்வளவு நேர்மை பார்த்தவர்கள், குடத்தில் யாரைப் போடுவது என்பதைக் குலுக்கலுக்கு விடவில்லை. இதைப் பற்றி ஒரு கண்டனக் கட்டுரை எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, எங்கள் கிளையில் தினக்கூலிக்கு இருக்கும் பையன் ஞாபகம் வந்தான். ஷட்டரைத் திறக்கவும் மூடவும் அவன் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருகிறான். வருஷத்தில் 52-ம். ஜூன் மாதத்திலிருந்து நடந்த எந்தக் குலுக்கலிலும் அவன் பெயர் இல்லை. அவனைச் சேர்க்க வேண்டும் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, நான் உட்பட. மேனேஜரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

சீட்டுகளை அவனைத்தான் எடுக்கச் சொன்னோம். அவன் பெயர் உள்ளே இல்லாததால் அவனுக்கு அதில் லாபநஷ்டம் கிடையாது என்பது எல்லோருக்கும் உடனே புரிந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒன்பது பேரும் சுற்றி நிற்க, என் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து அதில் ஒரே அளவில் மடித்த ஒன்பது சீட்டுகளைப் போட்டோம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தான். நான் வாங்கவில்லை. மூன்றாம் கவுன்டர் அம்மாள் வாங்கிப் பிரித்துப் படித்தார். கேஷ் கவுன்டர்க்காரரின் பெயர்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை. ஒன்பதில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். அதை அவரிடம் நிரூபிக்க என்னிடம் எந்த வழியும் இருக்கவில்லை.